எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தவன்

மணி அடிக்கிற வேலைக்கு எதற்கு இங்கிலீஷில் பரீட்சை என்று முருகையனுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, உட்கார்ந்துவிட்டான். எட்டாவது பாஸ் பண்ணியவன். பிள்ளையார் சுழியை இரண்டு தரம் போட்டு, அடியில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

வேலை கிடைத்தே ஆகவேண்டும். காக்கிச் சட்டை போட்டவனுக்குத்தான் தன் பெண் பாஞ்சாலி என்று கோலியனூர் சின்னக்கண்ணு கறாராகச் சொல்லிவிட்டார். ஆவணி வரைக்கும் பார்ப்பாராம். அப்புறம் காணை ஊரில் ஒரு பஸ் கண்டக்டர் தயாராக இருக்கிறானாம். பாஞ்சாலி என்றால் முருகையனுக்கு உயிர். அந்தக் கண்டக்டரை நினைத்தாலே வயிறு பற்றி எரிந்தது.

கூத்து தொடங்கியது திங்கட்கிழமை. கடலூர் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் மணி அடிக்கிற வேலைக்கென்று கொடுத்த கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திண்டிவனத்தில் புதிதாகத் திறந்திருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் போய் நின்றான். அவன் சொன்னது ஒரே வாக்கியம்.

"எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து வர்றேங்க."

தலைமைக் குமாஸ்தா கோதண்டபாணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த வாரம் மலேயாவின் பினாங்கிலிருந்து எக்ஸ்சேஞ்ச் மாணவன் ஒருவன் வர வேண்டியிருந்தது. வந்த கடிதத்தில் பெயர் இருந்த இடத்தில் அவருடைய வடை எண்ணெய் ஊறி, எம் என்ற எழுத்து மட்டும் பிழைத்திருந்தது.

"பேரு?"

"முருகையனுங்க."

"எம். ரொம்ப சரி. ஊரு?"

"முகையூருங்க."

மனிதர் தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது; சுற்றுவட்டார ஊர்ப்பெயர் எதுவும் தெரியாது. முகையூர் மலேயாவில் எந்தப் பக்கம் என்று கேட்டால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார். அங்கேயே பிறந்து வளர்ந்தும் தமிழ் மறக்கவில்லையே என்று பாராட்ட வேறு செய்தார். கார்டை எடுக்கப் போன கையில் காப்பி டம்ளரைத் திணித்தார்.

ஒரு மாதத்தில் பன்னிரண்டு கிரெடிட்டோடு பையனைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. கிரெடிட் என்பது என்ன வஸ்து என்று கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. பிரின்சிபாலைக் கேட்டால், உம்ம பாடு என்றுவிட்டார். கோதண்டபாணி தாமே ஒரு சட்டம் போட்டார். ஒரு பரீட்சைக்கு ஒரு கிரெடிட். ஆகப் பன்னிரண்டு பரீட்சை.

மறுநாள் முருகையன் தயங்கித் தயங்கி விஷயத்தை எடுத்தான்.

"சார், மணி..."

கோதண்டபாணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தேகால்."

"அதில்லீங்க. மணி எனக்கு எப்போ..."

"ஓ, உங்க ஊர் மணியா? அங்க ரெண்டு மணி நேரம் முந்தி ஓடும் தம்பி."

முகையூரில் இது எப்போதிருந்து என்று முருகையன் அன்று பூராவும் யோசித்தான்.

பிள்ளையார் சுழியும் பெயரும் தவிர வெள்ளைத்தாளாக வந்த இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்துக் கோதண்டபாணிக்கு வியர்த்துவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளையை ஃபெயிலாக்கினால் டில்லிக்கே பதில் சொல்ல வேண்டிவரும். பாஸ் போட்டார். இதெல்லாம் நமக்கு வராதுங்க என்று முருகையன் உண்மையைச் சொன்னதற்கு, என்ன அடக்கம் என்று மெச்சி, இருப்பதிலேயே கடினமான பேப்பர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை முருகையன் தலையில் இடி விழுந்தது. வராந்தாவில் காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான ஆள் ஒருவன் மணி அடித்துக்கொண்டிருந்தான். அடித்து முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சின்ன நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டான்.

"எப்ப சேந்தீங்க?" என்றான் முருகையன்.

"நேத்துதாங்க."

"எத்தினி பரீட்சை எழுதினீங்க?"

"ஒண்ணும் இல்லீங்களே. எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து வர்றேன்னு சொன்னதும் சுத்தியலைக் கையில கொடுத்துட்டாங்க."

சிபாரிசு! எந்தப் பெரிய மனிதன் வீட்டுப் பிள்ளையோ. முருகையனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. சிபாரிசு இல்லாதவனுக்குப் பரீட்சைதான் வழி. பன்னிரண்டையும் தேறிக் காட்டினால் அவனைத் தூக்கிவிட்டு நம்மைப் போடாமலா இருப்பார்கள் என்று வைராக்கியம் வைத்தான்.

எஞ்சின் பரீட்சையில், மல்லாட்டைக் கொல்லையில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினோடு மல்லுக்கட்டிய கையால் கல்லூரி எஞ்சினைக் கழற்றிக் காட்டினான். வாத்தியாரே பக்கத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டார். சர்வேயருக்குச் சங்கிலி பிடித்துப் பழகியவன், நில அளவையில் முதலாவதாக வந்தான். மற்றதையெல்லாம் டில்லிக்குப் பயந்து கோதண்டபாணி பார்த்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் முருகையனைக் கூப்பிட்டு மாலை போட்டு, கையில் சர்டிபிகேட்டைக் கொடுத்தார்.

"பன்னிரண்டும் பாஸ். நாளன்னைக்கு மெட்ராஸ்ல கப்பல்."

"கப்பல் எதுக்குங்க? எனக்கு மணி அடிக்கிற வேலை போதுங்க." கசங்கிப்போன கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

கோதண்டபாணி அதை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரமும் படித்தார். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அதுக்குத்தான் ஆள் போட்டாச்சேப்பா" என்றார் ஈனக்குரலில்.

மாலையும் கழுத்துமாக நின்ற முருகையன், பாஞ்சாலி அந்தக் கண்டக்டரின் பஸ்ஸில் ஏறிப் போவதை மனசுக்குள் அப்படியே பார்த்தான்.

சாயங்கால மணியை அடித்துவிட்டு அந்த ஒல்லி ஆள் உள்ளே வந்தான். சுத்தியலை மேஜைமேல் வைத்தான். நோட்டைப் பணிவாக நீட்டினான்.

"சார், மணி அடிக்கிற கோர்ஸை முடிச்சுட்டேன். இதுக்கு எத்தனை கிரெடிட்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா, பினாங்குல காட்டிக்குவேன்."