மோட்டாருக்குள் இருப்பவர் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் திரு. சென்னகேசவன் அவர்கள் சமூகத்துக்கு, அவிநாசிக்குத் தெற்கே தோட்டத்தில் குடியிருக்கும் செங்கோட்டையன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு மழை இல்லை, மற்றபடி நானும் என் மனைவி சாமியாத்தாளும் நலம். நான் நலம் என்பதைத் தாங்கள் இருமுறை படிக்கவும். ஏனென்றால் தாங்கள் வெளியிட்ட ‘ஓடும்போது பேசுகிறவர்’ என்ற என் மனைவியின் நாவலில் நான் இரண்டாம் அத்தியாயத்திலேயே காலமாகிவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை. சென்ற மாதம் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். வீட்டுக்காரி எழுதியது அச்சில் வந்துவிட்ட மிதப்பில், தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாகப் புத்தகத்தைப் போடச் சொன்னவன் நானே. அவள் என்னவோ சொல்ல வந்தாள், நான் காதில் வாங்கவில்லை. அட்டையில் கிணறும் மோட்டாரும் இருந்ததால் விவசாயப் புத்தகம் என்று நினைத்துவிட்டேன். மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, வந்த சனம் அத்தனை பேருக்கும் என் சாவை என் கையாலேயே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் என் தங்கை கனகம் வந்தாள். இரண்டாம் அத்தியாயம் வரைதான் படித்திருக்கிறாள். நேராகத் தன் அண்ணி சாமியாத்தாளைக் கட்டிக்கொண்டு, “அழுவாதீங்க நங்கை, விதி அவ்வளவுதானுங்க” என்று ஒப்பாரி வைக்காத குறை. நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “சித்த தள்ளி உக்காருங்ணா” என்று சொல்லிவிட்டு மீண்டும் அழுதாள். மிச்சத்தையும் படித்துவிட்டு மறுவாரம் வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. “அண்ணன் செத்ததுக்கப்பறந்தானுங்க நல்லாப் பேசுது” என்றாள்.

கதை அப்படித்தானாம். உயிரோடு இருந்தவரை வாயே திறக்காத மனுசன், செத்தபின் கிணற்று மோட்டாருக்குள் குடியேறிவிடுகிறார். மனைவி பச்சைப் பொத்தானை அமுக்கினால் பேசுவார். கரண்ட் போனால் பாதிப் பேச்சில் நிற்பார். இதற்கு வந்த அபிப்பிராயங்களை எழுதினால் தங்கள் தபால் பெட்டி கொள்ளாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர், த்ரீ பேஸ் கரண்ட் பகலில் ஆறு மணி நேரம்தான் வருகிறது, ஆள் எப்படி நாள் முழுக்கப் பேசுவார் என்று சண்டைக்கு வந்தார். என்னோடு சிங்காநல்லூர் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்த நாகூர் மீரான் பாய் போனில், “கதை அருமைங்க, ஆனா எங்கூட்டுக்காரி உம்மல் குல்சும் அதப் படிச்சதுல இருந்து மோட்டார அணைக்கவே மாட்டேங்குதுங்க. யாராச்சும் உள்ள பேசிட்டிருந்தா பாவம்ங்குது. டேங்க் ரொம்பித் தெருவே தண்ணி” என்றார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கடைசி அத்தியாயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கிணறு வற்றிவிடுகிறதாம், அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கி மோட்டாரை நிறுத்திவிடுகிறாளாம். சொந்தக்காரர் வாட்ஸாப் குழு இரண்டாக உடைந்துவிட்டது. பாதிப் பேர் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள், பாதிப் பேர் பாவம் அவளும் எத்தனை நாளைக்கு என்கிறார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் என் மச்சினன் மோகன்குமார், “தண்ணியில்லாம ஓட்டுனா காயில் எரிஞ்சுபோகுமுங்க மாமா, அக்கா நிறுத்துனது நாயந்தானுங்க” என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். முப்பத்து நான்கு வருடம் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவன் நான், தொழில்படி அது சரிதான். ஆனால் உள்ளே இருப்பது நான் அல்லவா. ஐயா, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. அவள் தோட்டத்து மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். முப்பத்தாறு வருடம் கூட இருந்தவள் அவ்வளவு சுலபமாக அமுக்கிவிடுவாளா? அவளிடம் கேட்கவும் வாய் வரவில்லை. ஆகவே அடுத்த பதிப்பில் கடைசி அத்தியாயத்தை நீக்கி, கிணற்றில் தண்ணீர் ஊறியதாகப் போடும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பு. பதிப்பகம் மென்மேலும் தழைக்க அவிநாசியப்பர் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உயிருடன் உள்ள,
செங்கோட்டையன்

பின்குறிப்பு: முந்தாநாள் உறையை ஒட்டும்போது சாமியாத்தாள் பார்த்துவிட்டாள். “ஏனுங்க, யாருக்குங்க இத்தன நீளம்? எனக்கு நாலு வரி எழுதுனதில்லீங்களே” என்றாள். வேறு வழியில்லாமல் கேட்டேவிட்டேன். “ஏம்புள்ள, என்னைய எதுக்கு அணைச்சே?” அவள் என்னையே பார்த்தாள். “நான் எங்கீங்க அணைச்சேன்? நீங்க படிச்சீங்களா, படிச்சவங்க சொன்னதக் கேட்டீங்களா?”

இரண்டாவதுதான், படித்தவர்கள் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறேன். நேற்றுக் காலையில் உட்கார்ந்து மதியத்துக்குள் படித்து முடித்தேன். யார் கிளப்பிவிட்டதோ, சிவப்புப் பொத்தானை யாரும் அமுக்கவில்லை. கரண்ட்தான் போகிறது. பச்சைப் பொத்தானில் விரலை வைத்தபடி அவள் உட்கார்ந்திருக்கிறாள், அதோடு புத்தகம் முடிகிறது. கடைசி அத்தியாயத்தில் ஓர் எழுத்தையும் தொடவேண்டாம்.

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. போய் ஏதாவது பேசலாம் என்று இருக்கிறேன். என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நான் பேசுவது நன்றாக இருக்கிறது, அதையே சொல்லிப் பார்க்கிறேன்.