முந்தி அண்ணாச்சி காத்திருந்த மத்தியானம்

எமலோகத்து வாசலில் முதல் ஆளாகப் போய் நின்று, "இன்னும் நட தொறக்கலையாவே?" என்று கேட்கக்கூடிய மனிதர் திருநெல்வேலிச் சீமையில் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் தெரு முந்தி அண்ணாச்சிதான். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். டவுணில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருக்கிறார்.

சாயங்கால ரயிலுக்கு மத்தியானச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போய்விடுவார். தீபாவளி எண்ணெய்க் குளியலை முந்தின நாளே முடித்துவிடுவார். "அன்னைக்குக் கொழாயில தண்ணி வராதுவே" என்பார். ஒருமுறை பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் ரொம்பச் சீக்காக இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ரோஜா மாலையோடு போய் நின்றார். பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "வாங்க அண்ணாச்சி, என்ன மாலையோட?" என்று கேட்டார். அண்ணாச்சி அசரவில்லை. "பொழச்சு எந்திரிச்சிட்டியள்லா, அதுக்குத்தான்!" என்று கழுத்தில் போட்டுவிட்டு வந்தார். பெரியவர் இன்றுவரை நன்றாக இருக்கிறார். அந்த வீட்டு வழியாகப் போவதைத்தான் அண்ணாச்சி நிறுத்திவிட்டார்.

போன வருஷம் அவருடைய மனைவி வழியில் ஒரு கல்யாணம், திருச்செந்தூரில். பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் அடுப்பே பற்றவைக்கவில்லை. அண்ணாச்சி முதல் வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்தார். ஒருவழியாகக் கூட்டம் சேர்ந்து மேளம் தொடங்கிய நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை வேர்வையில் ஊறிப்போனது.

சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்தக் கணமே டாக்டர்கள் ஆகிவிட்டார்கள். "வாயுதான்" என்று ஒருவர் தீர்ப்பு சொன்னார். "சோடா குடுங்க" என்றார் இன்னொருவர். ஓமவாட்டருக்கு ஒருவர் ஓடினார். அண்ணாச்சியின் மச்சினன் இருக்கிறாரே, அவர் உலகத்தில் எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கட்சி. "அத்தான், செத்த படுங்க. தாலி கட்டு முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

"தாலி கட்டுத வரைக்கும் நான் இருக்கணும்லாவே!" என்று கத்தினார் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பி, "காரை எடுக்கச் சொல்லும்வே!" என்றார். அவருடைய அவசரத்தை நான் மனதார மெச்சியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அங்கே இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்றார். குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைக்கும் வசதி திருநெல்வேலியில்தான் உண்டு. அதுவரை சும்மா இருக்க முடியாது, கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டு ஆம்புலன்ஸில் அனுப்புகிறேன் என்றார். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி, "இத நேத்தே போட்டிருக்கலாம்லா டாக்டர்?" என்று கேட்டார்.

ஆம்புலன்ஸில் வலி மெல்லக் குறைந்தது. தனக்காக ஊர் முழுக்க வழிவிடுவதை அவர் ஜன்னல் வழியே பார்த்த பார்வையில் ஒரு பரம திருப்தி தெரிந்தது.

திருநெல்வேலியில் அவரைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். மறுபடி ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, "ஊசி நல்லா வேலை செஞ்சிருக்குய்யா" என்றார்.

"அப்பம் இப்பமே ஸ்டென்டை வச்சிருங்கம்மா."

"இப்ப வேண்டாம்யா. கரைக்கிற மருந்து இன்னும் ரத்தத்துல ஓடிட்டிருக்கு. உடனே குழாய்க்குள்ள போனா ரத்தக்கசிவு வரலாம். கொஞ்ச நேரம் போகட்டும், சாயங்காலம் பண்ணலாம். நடுவுல வலி திரும்புனாலோ, ஈ.சி.ஜி. மாறுனாலோ, அந்த நிமிஷமே ஸ்டென்ட் வைக்கக் கொண்டு போயிருவோம்."

"நான்தான் முந்தி வந்துட்டம்லாம்மா!" அண்ணாச்சிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அதற்குள் கல்யாணச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தாம்பூலப் பையோடு மச்சினன் வந்து சேர்ந்தார். "ஊசியே கரைச்சிட்டுல்லா டாக்டர்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவுதோம். கோயில் கொடைத் திருவிழா முடியட்டும், பொறவு ஸ்டென்டைப் பாத்துக்கிடலாம்."

டாக்டர் அவரையும் பார்த்தார், அண்ணாச்சியையும் பார்த்தார். "கரைஞ்சது கட்டி மட்டும்தான். குழாய் சுருங்குன இடம் அப்படியேதான் இருக்கும். ஒரு நாளைத் தாண்ட விட்டா திரும்ப அடைச்சுக்கிடலாம். இவரு சொல்லுத மாதிரி இப்பவும் வேண்டாம், நீங்க சொல்லுத மாதிரி கொடைக்குப் பொறவும் வேண்டாம்."

மச்சினன் விடுவாரா? வராந்தாவில் சொந்தக்காரர்களைக் கூட்டினார். மும்பையிலிருந்து ஒரு சித்தப்பா போனில் கலந்துகொண்டார். வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியங்கள் எல்லாம் சத்தமாக வாசிக்கப்பட்டன. பூண்டுக்கு நல்ல ஆதரவு இருந்தது. கடைசியில் வீட்டுக்குக் கூட்டிப்போவதென்று முடிவாகி, டாக்டரிடம் சொல்ல ஆள் கிளம்பியபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, எழுந்தார்.

"ஏலே, மண்டபத்துலயும் நீ பொறவு பாத்துக்கிடலாம்னுதான் சொன்ன. அத கேட்டிருந்தா நான் இந்நேரம் எங்கன நிப்பேன்? போ, போயி எல்லாருக்கும் காப்பி வாங்கிட்டு வா."

கூட்டம் கலைந்தது. மதினி டாக்டரைத் தேடிப் போய்ச் சம்மதம் சொன்னார்.

அண்ணாச்சியைக் காக்கவைப்பது ஊசியைவிடப் பெரிய வைத்தியமாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டு கிடந்தார். "அது ஓடுதாம்மா? பேட்டரி இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு நர்ஸம்மாவைப் பாடாய்ப் படுத்தினார். கடைசியில் நர்ஸம்மா கடிகாரத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

பார்க்க ஒன்றுமில்லாமல் போனதும் அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது.

"சும்மா கெடந்தா பயமா இருக்குவே. ஓடிக்கிட்டே இருந்தா தெரிய மாட்டேங்கு."

மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பி விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டுவைத்தேன். சாயங்காலம் வரை விளக்கினார். அவர் கையை விடவில்லை, நானும் எடுக்கவில்லை.

சாயங்காலம் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்த டாக்டர், சுருங்கிய இடத்தை விரித்து ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி பயமில்லை என்றார். மதினி என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சினன் மட்டும் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்: "பொறவு பாத்துக்கிடலாம்னு அன்னைக்கு நான்தான் தடுத்தேன். டாக்டரம்மாவும் சாயங்காலந்தான பண்ணுனாவ!"

தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி கோழி கூவுமுன் என் கதவைத் தட்டுவார். நான் மனதுக்குள் திட்டிக்கொண்டே எழுவேன்.

போன வாரம் ஒருநாள் விடிந்தும் தட்டவில்லை. நான் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய் அவர் கதவைப் போட்டு இடித்தேன். வாயில் பல்பொடி நுரையோடு அண்ணாச்சி வந்து திறந்தார்.

"என்னவே, இவ்வளவு அவசரம்?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன். "நீங்க பைய, மெதுவா வாங்க. நான் நிக்கேன்."