புகையிலைக் கள்ளன் எந்தப் புத்தகத்தில்?

"வெள்ளிக்கிழமை சங்கத்து இன்ஸ்பெக்டர் வாறார். பள்ளிக்கூடத்தைப் பாக்கிறதுக்கில்லை, உம்மடை வாசிகசாலையைப் பாக்க" என்று தலைமைச் சட்டம்பியார் முத்துக்குமாரு சொன்னதும், மூன்றாம் வகுப்பு ஆசிரியரான சீவரத்தினம் சட்டம்பியாரின் கையிலிருந்த வெண்கட்டி இரண்டாக உடைந்தது.

வாசிகசாலை என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மூன்றாம் வகுப்பின் மூலையில், பள்ளிக்கூடத்தை நடத்திய சங்கம் என்றோ கொடுத்த ஒரு தேக்கு அலுமாரி நின்றது. அதுதான் வாசிகசாலை, அதற்குப் பொறுப்பு சீவரத்தினம். அலுமாரியில் நல்ல கனதியான பூட்டு உண்டு. பூட்டுக்குத் திறப்புச் சாவிதான் இல்லை.

இது தலைமைச் சட்டம்பியாருக்குத் தெரியாது. அவர் போன வருடம் மாற்றலாகி வந்தவர். சீவரத்தினம் பொறுப்பெடுத்த அன்று கரிநாள். "கரிநாளிலை சரஸ்வதி இருக்கிற அலுமாரியைத் திறக்கப்படாது, நல்ல நாள் பாத்துத் திறவும்" என்று முன்னிருந்த ஆசிரியர் சொல்ல, இவரும் பக்தியோடு தலையாட்டி, வாசிகசாலையைக் குறைவின்றி ஏற்றுக்கொண்டேன் என்று ஒப்பம் வைத்துவிட்டார். நல்ல நாள் வருவதற்குள் முன்னிருந்தவர் திறப்பைத் தராமலே மலாயாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். திறப்பைக் கேட்டுக் கடிதம் போட இவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டபடியே சில வருடங்கள் போய்விட்டன.

அதற்காக அலுமாரிக்கு மரியாதை குறையவில்லை. சரஸ்வதி பூசை வந்தால் அதற்கு மாலை போட்டு, பூட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பிள்ளைகளை வரிசையில் விட்டுக் கும்பிட வைப்பார். புத்தகங்களை இப்படிப் பேணுகிற ஆசிரியர் கிடையாது என்று ஊரே அவரை மெச்சிக்கொண்டிருந்தது.

"புத்தகத்தைப் பூட்டி வைச்சால் மட்டும் காணாதாம்" என்றார் முத்துக்குமாரு. "பிள்ளையள் வாசிக்கோணும், வாசிச்சதைத் தங்கடை சொல்லிலை சொல்லோணும், படம் கீறோணும், நடிச்சுக் காட்டோணும். உதெல்லாம் நடக்குதுதானே?"

"ஓம் ஐயா, கிழமைக்குக் கிழமை நடக்குது."

சொன்ன பிறகுதான் அவருக்கு அந்த ஒப்பம் நினைவுக்கு வந்தது. ஒப்பம் பொய் என்று தெரிந்தால் வேலை போய்விடும். வேலை போனால் மாமனாரின் புகையிலைத் தோட்டத்தில் துலா மிதித்துக் கிணற்றுநீர் இறைக்க வேண்டும். இவருடைய கலியாணம் முடிந்த நாளிலிருந்தே மாமனார் அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனதும், வீட்டுக்குப் போய் மனைவிக்குத் தெரியாமல் எடுத்துவந்த பெட்டகத் திறப்பைப் பூட்டுக்குள் நுழைத்தார். அது நுழைந்தது. கொஞ்சம் திரும்பவும் செய்தது. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் திருகினார். பாதித் திறப்பு கையோடு வந்துவிட்டது, மற்றப் பாதி பூட்டுக்குள்ளே தங்கிவிட்டது.

வீட்டில் மனைவி குணலட்சுமி பெட்டகத்தின் முன்னால் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, திறப்பு எங்கை? நாளைக்குக் கலியாண வீட்டுக்குக் கட்டுற சீலை உதுக்குள்ளைதான் கிடக்கு."

"நீர் எதைக் கட்டினாலும் வடிவுதானே."

"நான் கேட்டது திறப்பை."

அன்றிரவு அவருக்குச் சோறு கிடைத்தது, கறி கிடைக்கவில்லை. தச்சனைக் கூப்பிட்டு அலுமாரியை உடைக்கலாம். ஆனால் பூசை கண்ட அலுமாரியை உடைத்த சங்கதி மறுநாளே தெல்லிப்பழைச் சந்தைவரை போய்விடும். வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கதைதானே சொல்ல வேண்டும்? அதற்குப் புத்தகம் எதற்கு?

மறுநாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தன்னைச் சுற்றி இருத்தினார். "இந்த அலுமாரிக்குள்ளை ஒரு நீலப் புத்தகம் இருக்கு. அதிலை ஒரு பொயிலைக் கள்ளன் வாறான்" என்று தொடங்கினார். எங்கிருந்துதான் வந்ததோ, கதை வந்துகொண்டே இருந்தது. கள்ளன் புகையிலைச் சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறான். நெடி ஏறித் தும்மல் பிடிக்கிறது. ஒளிவதற்குக் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் நுழைகிறான். அங்கே அளவெட்டி ஊர்த் தவில்காரர் ஒருவர் அவனுடைய தும்மலைத் தாளமென்று எடுத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குகிறார். சனம் சொக்கிப்போகிறது. கள்ளன் தும்மலை நிறுத்தினால் "இன்னும், இன்னும்" என்று கேட்கிறார்கள். கடைசியில் புகையிலையின் சொந்தக்காரரே அவனுக்குச் சால்வை போர்த்துகிறார்.

பிள்ளைகள் தரையில் விழுந்து சிரித்தார்கள். அடுத்ததாக, துலாக்கயிற்று வாளியில் ஏறி ஒவ்வொரு தடவையும் உலகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கிணற்றுக்குத் திரும்பும் தவளையின் கதையைச் சொன்னார். அது சிவப்புப் புத்தகம். பாலேஸ்வரி என்ற சிறுமி கள்ளனைப் போலத் தும்மிக் காட்ட, மற்றவர்கள் மேசையில் தவில் அடித்தார்கள். சுவரெல்லாம் தவளைப் படம் ஏறியது. சீவரத்தினம் இவ்வளவு காலமும் சொல்லிக்கொடுத்த எதற்கும் பிள்ளைகள் இப்படி வாய் பிளந்து இருந்ததில்லை. அவருக்குத் தன்னை அறியாமல் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் அடுத்த நாள் காலைவரைதான். பாலேஸ்வரியின் தாய் தங்கமுத்து பள்ளிக்கூட வாசல் படலையில் காத்து நின்றாள்.

"சட்டம்பியார், பிள்ளை சொன்ன கதையைக் கேட்டு அவள்டை தேப்பன் சிரிச்ச சிரிப்பிலை இடுப்பு நாரி பிடிச்சுப்போச்சு. படுத்துக் கிடக்கிறார், அந்த நீலப் புத்தகத்தை ஒருக்கால் தாருங்கோ, வாசிக்கட்டும்."

"அது... மட்டை கழண்டுபோச்சு. கட்டுறதுக்குப் பட்டினத்துக்கு அனுப்பியிருக்கு."

தங்கமுத்து போய்விட்டாள். அவள் நேரே தலைமைச் சட்டம்பியாரிடம் போவாள் என்று யார் கண்டது? மத்தியானம் முத்துக்குமாரு வந்தார்.

"ஏன் காணும், நீலப் புத்தகம் பட்டினத்திலையோ? எந்த அச்சகத்திலை? என்ரை மருமோன் நாளைக்குப் போறான், எடுத்துவரச் சொல்லுறன். இன்ஸ்பெக்டர் அதைக் கேக்காமல் விடமாட்டார்."

"வேண்டாம் ஐயா. அதை எடுத்தும் பிரயோசனமில்லை. அது இங்கிலீசுப் புத்தகம். நான்தான் தமிழாக்கிச் சொன்னனான்."

முத்துக்குமாருவின் கண்கள் விரிந்தன. "நீரோ? இங்கிலீசிலிருந்தோ?" என்று கேட்டுவிட்டு, அவரை அணைத்தே விட்டார். "இவ்வளவு நாளும் உதை என்னட்டைச் சொல்லாமல் இருந்திட்டீரே. இன்ஸ்பெக்டருக்கு முதல் வேலையா உதைத்தான் சொல்லப்போறன்."

சீவரத்தினத்துக்கு இங்கிலீசில் தன் பெயரை எழுத வரும். நிதானமாக இருந்தால் ஊரின் பெயரையும் எழுதுவார். அன்றிரவு அவர் மாமனாரின் துலாவைக் கனவில் மிதித்தார்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் மார்க்கண்டு காரில் வந்து இறங்கினார். தலைப்பாகை கட்டிய, மீசைக்குள் சிரிப்பை வைத்திருக்கிற பெரிய மனுசர். கூடவே சங்கத்துப் பியோன் தம்பிராசாவும் வந்தான். முத்துக்குமாரு சொன்ன சொல் தவறாதவர்.

"ஐயா, எங்கடை வாசிகசாலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பியள். அலுமாரி நிறையப் புத்தகம். இவர் இங்கிலீசுப் புத்தகத்தைக் கூடத் தமிழாக்கிப் பிள்ளையளுக்குச் சொல்லுறார்."

இன்ஸ்பெக்டர் அலுமாரியைப் பார்த்தார். பிறகு சீவரத்தினத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாலேஸ்வரி முன்னால் வந்து தும்மினாள்.

அதன் பிறகு ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. கள்ளன் ஓடினான், தவில் முழங்கியது, வகுப்பு முழுவதும் "இன்னும், இன்னும்" என்றது. இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தவளை வாளியில் ஏறி இறங்கியது. எல்லாம் முடிந்ததும் அவர் சீவரத்தினத்தை அருகில் அழைத்தார்.

"அளவெட்டித் தவில் இங்கிலீசுப் புத்தகத்திலையும் வருகுதோ?"

"ஊரின்ரை பேரை மாத்தினனான், ஐயா."

"மூலத்திலை எந்த ஊர்?"

"லண்டன்" என்றார் சீவரத்தினம். அவருக்குத் தெரிந்த இங்கிலீசு ஊர் அது ஒன்றுதான்.

"லண்டனிலை பொயிலைத் தோட்டம் இருக்கோ?"

"கொஞ்சம் ஒதுக்குப்புறமா இருக்கு, ஐயா."

இன்ஸ்பெக்டரின் மீசை ஆடியது. முத்துக்குமாரு இதுதான் தருணமென்று குறுக்கிட்டார். "சீவரத்தினம், அலுமாரியைத் திறவும். ஐயா புத்தகங்களையும் ஒருக்காப் பாக்கட்டும்."

சீவரத்தினம் பூட்டைப் பார்த்தார். பூட்டுக்குள் கிடக்கிற பெட்டகத் திறப்பை நினைத்தார், குணலட்சுமியை நினைத்தார், துலாவை நினைத்தார். உண்மையைச் சொல்லிவிடுவோமென்று வாய் திறந்தார்.

"வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "அலுமாரியைப் பாக்கத் தேவையில்லை. பிள்ளையளைப் பாத்ததே காணும். நான் சுற்றித்திரியிற பள்ளிக்கூடங்களிலை இப்பிடி ஒரு வாசிகசாலையைக் கண்டதில்லை." பிறகு சீவரத்தினத்தின் தோளில் கை வைத்தார். "அந்தப் பொயிலைக் கள்ளன் கதையை ஒருக்கால் எழுதி எனக்கு அனுப்பும். புத்தகமாப் போடலாம்."

ஏற்கெனவே புத்தகமாக இருப்பதாகத் தான் சொன்னதை இவர் ஏன் மறுபடி புத்தகமாகப் போடச் சொல்கிறார் என்று சீவரத்தினத்துக்கு விளங்கவில்லை. பெரிய மனுசருக்குச் சிரிப்பில் மறந்துபோயிருக்கும் என்று விட்டுவிட்டார். இன்ஸ்பெக்டரும் முத்துக்குமாருவும் தேத்தண்ணி குடிக்கத் தலைமைச் சட்டம்பியாரின் அறைக்குப் போனார்கள். வேலை தப்பியது. சீவரத்தினம் அலுமாரியில் சாய்ந்துகொண்டு, மனம் நிறைய ஒரு பெருமூச்சு விட்டார்.

அப்போது பியோன் தம்பிராசா காரிலிருந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அலுமாரிக்கு முன்னால் இறக்கினான்.

"திறவுங்கோ சட்டம்பியார், அடுக்கிப்போட்டுப் போறன்."

"என்ன அது?"

"புத்தகம்."

சீவரத்தினம் இப்போது பொய்யில் நன்றாகப் பழகியிருந்தார். இரண்டு கையையும் விரித்து அலுமாரியை மறைத்துக்கொண்டு சொன்னார். "உள்ளுக்கை இடமில்லைத் தம்பிராசா. மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு மட்டும் புத்தகம் நிறைஞ்சு கிடக்கு."

தம்பிராசா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அதெப்பிடி ஐயா? சங்கம் இவ்வளவு நாளும் வெறும் அலுமாரி மட்டும்தானே தந்தது, முதல் புத்தகம் இண்டைக்குத்தானே வருகுது."