மாப்பிள்ளை வீட்டார் குனிய மறுத்த கேட்

நாலு வரியில் முடிகிற வேலையை நானூறு வரியில் எழுதுகிற வியாதி எனக்கு உண்டு. அந்த வியாதியால்தான் என் அக்காவின் நிச்சயதார்த்தம் எஸ்டேட் கேட்டில் நடந்தது.

மலேசியாவில் சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா மண்டோர், வேலையாட்களை மேற்பார்க்கிறவர். வாசலில் தானாக ஏறி இறங்கும் தடுப்புக்கட்டை வைக்கப்போகிறார்கள் என்றதும், "எம்மவன் செஞ்சு குடுப்பான்" என்று மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குச் சின்ன புரோகிராம் ஒன்று போதும். நானோ அப்போதுதான் லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது கம்ப்யூட்டரின் அடிமட்டத்துக்கு, கருவிகளை இயக்கும் டிவைஸ் டிரைவர் எழுதக் கற்றிருந்தேன் (கற்றது மொத்தம் மூன்று வாரம்). சும்மா இருக்க முடியுமா? டிரைவரே எழுதினேன்.

வண்டி வந்தால் சென்சார் சொல்லும், கட்டை ஏறும். பத்து வினாடி டைமர் முடிந்தால் இறங்கும். அதற்குள் அடுத்த வண்டி வந்தால் டைமரை ரத்து செய்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும். ஆனால் ரத்து செய்கிற அதே நொடியில் டைமர் இறக்கத் தொடங்கியிருந்தால்? ஒன்று ஏற்றும், மற்றொன்று இறக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்க டிரைவருக்குள் ஒரு பூட்டு போட வேண்டும். நான் போடவில்லை. பழக்குலை லோரியை வைத்து நாற்பது தடவை சோதித்தேன், ஒரு கோளாறும் இல்லை. தோட்டத்து லோரி அரை மணிக்கு ஒன்றுதான் வரும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் ஐந்து காரில் வந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி செம்பனை, வழி தவறிவிடுமே என்று ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் இரண்டு கார் மாப்பிள்ளையோடு உள்ளே போனது. கேட்டருகே சற்றுத் தயங்கிய மூன்றாவது கார் மூக்கை நீட்டியதும் பத்தாவது வினாடியும் ஒன்றாக வந்தன. கட்டை நாலு முறை தலையாட்டிவிட்டு, இடுப்புயரத்தில் நின்றுவிட்டது.

அந்தக் காரில் இருந்தது தட்டுகளும் மாப்பிள்ளையின் அம்மாவும்.

"என்னடா இது?" என்றார் அப்பா.

"ஒரு நிமிசம்ப்பா, ரீஸ்டார்ட் பண்றேன்."

மூன்று முறை செய்தேன். அசையவில்லை. மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் இருந்தால் அசையாதே என்று டிரைவரில் எழுதிய புத்திசாலியும் நான்தான். கட்டையைக் கையால் தூக்க உதவும் சாவியோ தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம். கிராணியோ கோலா சிலாங்கூரில் மீன் வாங்கப் போயிருந்தார்.

"அத்தை, கொஞ்சம் குனிஞ்சு வந்துருங்களேன்" என்றேன். இதைவிட நான் வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம்.

மாப்பிள்ளையின் அம்மா காரைவிட்டு இறங்கினார். "மாப்பிள்ள வூட்டுக்காரங்க பொண்ணு வூட்டுக்குக் குனிஞ்சு வரணுமா? முடியாது லா தம்பி."

மணி நாலு இருபது. அம்மா அழத் தொடங்கிவிட்டார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போது பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா ஓடி வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள் (இன்றும் சுடுகிறது). பிறகு, "அத்தை, நீங்க குனிய வேணாம். தட்ட மேலயே குடுங்க" என்றாள்.

அத்தை அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம். நடுவில் என் கட்டை. அதற்கு மேலாகவே பழத்தட்டும் பூத்தட்டும் சேலைத்தட்டும் கை மாறின. நாலு இருபத்தெட்டுக்கு நிச்சயம் முடிந்தது. ஐந்து மணிக்குச் சாவி வந்தது, கூடவே கிராணியின் மீனும்.

மறுநாள் டிரைவரைத் திருத்தினேன். இரண்டே வரி. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்தக் கேட் மக்கர் செய்ததில்லை என்று சொன்னால் வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை.

இன்றும் நான் அக்கா வீட்டுக்குப் போனால், அத்தை கதவைத் திறந்து, வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். சரியாக இடுப்புயரம்.

"குனிஞ்சு வாங்க தம்பி."

குனிந்துதான் போகிறேன்.