ரோமாபுரியின் நண்பருக்கு ஒரு கதிரை

உலகம் கண்ட இராசதந்திரங்களிலே தலையாயது, அடுத்தவனுக்கு ஒரு கதிரை கொடுப்பது. அதைக் கண்டுபிடித்த பெருமை பண்டைய ரோமாபுரியையே சாரும் என்பது, சிட்னிப் பள்ளியொன்றில் வரலாறு படிப்பித்த இரத்தினசிங்கம் மாஸ்டரின் அசைக்க முடியாத கொள்கை.

"கிழக்கு எல்லையிலை இருந்த சின்னச் சின்ன ராசாக்களோடை ரோமர் சண்டை பிடிச்சு மினைக்கெடேல்லை, யோகா. ஒரு தந்தக் கதிரை, ஊதாச் சால்வை, 'ரோமாபுரியின் நண்பர்' எண்டொரு பட்டம். காவல் காக்கிறது ராசா, முடிவெடுக்கிறது ரோம். என்ன மூளை!"

"அந்த ராசாக்களுக்கு விளங்கேல்லையோ?" என்றாள் மனைவி.

"மொக்குகள். எப்பிடி விளங்கும்?"

யோகாவுக்கு ரோமாபுரியைவிட ஓர் அறைதான் அவசரம். சனிக்கிழமைகளில் பதினொரு பிள்ளைகளுக்கு அவள் தமிழ் படிப்பித்தது கார் கராஜில். யூலைக் குளிரில் பிள்ளைகள் கையுறையோடு 'அ' எழுதினார்கள். நகரசபை மண்டபத்தின் பின்னறையோ சும்மா கிடந்தது. மாஸ்டர் விண்ணப்பம் எழுதினார்.

அது 'பன்முகப் பண்பாடு' என்ற சொல் புதிதாகக் கடைக்கு வந்திருந்த 1975ஆம் ஆண்டு. விண்ணப்பத்தைப் படித்து உருகிய மேயர், மாஸ்டரை 'குடிவரவாளர் ஆலோசகர்' ஆக்கினார். மெத்தை வைத்த கதிரை, ஊதா டை, 'நகரசபையின் நண்பர்' என்று பெயர்ப்பலகை. சபையில் வாக்குரிமை மட்டும் இல்லை. நண்பர்களுக்குள் வாக்கு எதற்கு? கதிரையில் சாய்ந்தபோது மாஸ்டருக்கு முதுகுவலியே பறந்துவிட்டது.

"அறை என்ன மாதிரி?"

"பரிசீலனையிலை இருக்கு."

பரிசீலனை நடக்கையில் சபைக்கு நண்பரின் உதவி தேவைப்பட்டது. வசந்த விழாவுக்கு முந்நூறு வடை. யோகா சுட்டாள். பிறகு, குப்பை வண்டி வரவில்லை என்று தமிழரும் கிரேக்கரும் லெபனானியரும் மாஸ்டர் வீட்டுக் கதவையே தட்டினார்கள். சபை நிம்மதியாக உறங்கியது.

நவம்பரில் தீர்ப்பு வந்தது. பின்னறை, தபால்தலை சேகரிக்கும் நான்கு பெரியவர்களின் கழகத்துக்கு.

"எங்கள் நண்பருக்கும் மகிழ்ச்சிதானே?" என்று மேயர் சிரித்தார்.

எழுந்து கத்தவேண்டும் என்றுதான் இருந்தது. மாஸ்டர் தலையாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது, வெயிலில் வெந்த கராஜில் யோகா ஒரு பிள்ளையின் எழுத்துக் கொப்பியிலிருந்து என்ஜின் ஒயிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தாள். மாஸ்டர் டையைத் தளர்த்தினார்.

"அந்த ராசாக்கள் மொக்குகள் இல்லை, யோகா. அவையளுக்கு எல்லாம் விளங்கினதுதான். கதிரை மெத்தெண்டு இருந்தது."