கதைப்படி நான் வெளியே போக வேண்டும்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நானும் என் மூட்டுவலியும் சௌக்கியம். நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அண்ணன் சினிமா நடிகனாகிவிட்டான். சிரிக்காமல் படிம்மா. லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மூன்று சின்னஞ்சிறுசுகளோடு ஒரே ஃபிளாட்டில் இருக்கிறேன் அல்லவா, அதில் ஒருத்தி படம் எடுப்பவள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பிடுங்கித் தின்கிறார்கள் என்பதுதான் கதையாம். எங்கள் ஹாலிலேயே படப்பிடிப்பு, நாங்களே நடிகர்கள். வசனத்தை வாங்கிப் பார்த்தால், கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து கிழவரை வெளியே அனுப்புகிறார்கள். கிழவர் நான்தான். இது கதையா, இல்லை இவர்கள் மனசில் இருப்பதா என்று சந்தேகம் வந்துவிட்டது. கேட்கவும் கூச்சம்.

அந்தக் காட்சியும் வந்தது. மற்ற இருவரில் பேக்கரியில் வேலை பார்க்கிற பையன் தரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க வேற இடம் பாத்துக்குங்க சார்" என்றான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போக வேண்டும். கால் நகரவில்லை. பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"போக மாட்டேன்பா. எனக்கு இந்த வீடு புடிச்சிருக்கு."

அவனுக்கு வசனம் மறந்துபோச்சு. "ராத்திரி பூரா மாவு பிசைஞ்சுட்டு வந்து பகல்ல தூங்குனா, சுத்தியல எடுத்து டங்கு டங்குன்னு தட்டுறீங்களே."

"உன் கட்டிலத்தான்டா தட்டுனேன். ஆடுதுன்னு நீதானே சொன்ன?"

"நான் அதுல தூங்கறப்பவா?"

மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண் நான் குளியலறையை மணிக்கணக்கில் பிடித்துக்கொள்வதைக் கிளப்ப, நான் அவள் முடி அடைத்த குழாயைக் கிளப்ப, மூணு பேரும் ஒரே நேரத்துல கத்தினோம்மா. கத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று பையன் பக்கம் திரும்பி, "காய்ச்சல்ல கெடந்தப்ப என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது இவருதான். இவரு எங்கயும் போகக் கூடாது" என்றாள். பையன் என்னை எழுப்பி, பெட்டியை என் அறைக்குள் கொண்டுபோய் வைத்தான். டைரக்டர் பெண் 'கட்' சொல்லவே இல்லை. கேமராவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கதையின் முடிவையே மாற்றிவிட்டாள்.

போன வாரம் ஒரு சின்ன அரங்கில் திரையிட்டார்கள். நான் பெட்டிமேல் உட்கார்ந்ததும் கூட்டம் எழுந்து கைதட்டியது. மேடையேற்றி, நடிப்பு எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். "பாதி மாடியில நின்னுபோன லிஃப்டுக்குள்ள இருக்கறவங்ககிட்ட, 'ஒண்ணுமில்ல, இதோ ஆயிடுச்சு'ன்னு முப்பது வருஷம் சொல்லியிருக்கேன்" என்றேன். மறுபடியும் கைதட்டல். இனி இந்த வீட்டிலிருந்து என்னை ஒருவராலும் அசைக்க முடியாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் நடிகர் அண்ணன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வீட்டுக்காரர் வந்தார். அவரும் படம் பார்த்தாராம், கையைப் பிடித்து மனசாரப் பாராட்டினார். இரண்டு பேர் என்று சொல்லி எடுத்த வீட்டில் நாலு பேர் இருப்பது படம் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்ததாம். மாசக் கடைசிக்குள் காலி செய்யணும். உன் மாடி சும்மாதானே கிடக்கிறது? நாலு பேரும் வருகிறோம். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். அடுத்த படத்துக்கு வீடு தேடும் வேலை மிச்சம் என்கிறாள் டைரக்டர் பெண்.