மலையைப் பார்த்து நிறுத்திய கார்

பிள்ளைகளே, நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும், உங்கள் சம்பத் மாமா வீட்டில் இருந்தால் "எந்த மலை, மாமா?" என்று கேட்பான். நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்கள். ஏன் சிரிக்கிறோம் என்பது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும், ஏனென்றால் இதுவரை அந்தக் கதையை உங்கள் அம்மாதான் சொல்லி வந்திருக்கிறாள். அவள் சொல்லும் கதையில் நான் முதலாளியின் காரைத் தொலைத்துவிட்டேன். அது சரியில்லை. கார் நிறுத்திய இடத்திலேயேதான் இருந்தது. தொலைந்தது நாங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர்க்காரனுக்கு வழி என்றால் மலைதான். வீடு எங்கே என்று கேட்டால் மலைக்கு இந்தாண்டை என்போம், வயல் எங்கே என்றால் மலைக்குப் பின்னாலே என்போம். எங்கே நின்று தலையைத் தூக்கினாலும் மலை தெரியும், அதன் தோற்றத்தை வைத்தே எங்கே நிற்கிறோம் என்று கண்டுகொள்ளலாம். அதேபோல வண்டியை நிறுத்தக் காசு கொடுப்பது என்பதும் அன்றைக்கு எனக்குக் கேள்விப்படாத சங்கதி. கார்த்திகை தீபத்துக்கு வரும் மாட்டுவண்டிகள் யார் வீட்டு ஓரத்திலாவது அவிழ்த்துவிட்டு நிற்கும். நிழல் இருக்க வேண்டும், ஒரு தெரிந்த முகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்த முகம் இல்லையென்றால் அங்கே இருக்கிற கடையில் ஒரு டீ குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் அது தெரிந்த முகம் ஆகிவிடும்.

இந்த இரண்டு ஞானத்தோடுதான் நான் மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன்.

எண்பதுகளில் நடந்தது. நீங்கள் அப்போது பிறக்கவில்லை. சம்பத் துபாய்க்குப் போய் முதல் தடவையாக லீவில் வருகிறான். அவனுக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு பெண் பார்த்திருந்தோம். இறங்கிய அன்றே, ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் தொடங்குவதற்கு முன்னால் பெண் பார்த்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. பெண்ணின் அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன், எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிற மனுஷன். அவரை அப்படி ஆக்கியதில் கொஞ்சம் காரணமும் இருந்தது. அதற்குச் சில மாதம் முன்பு துபாய் மாப்பிள்ளை என்று ஒருவன் வந்து, பூ வைக்கிற வரைக்கும் போய், கடைசியில் அவன் பம்பாயைத் தாண்டியதே இல்லை என்று தெரிந்திருக்கிறது. அதனால் இந்தத் தடவை கண்ணால் பார்த்தால்தான் எதையும் நம்புவேன் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

கார் நான் கணக்கு எழுதிய ரைஸ் மில் முதலாளியுடையது. அம்பாசிடர். சாவியைக் கொடுக்கும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஏர்போர்ட் வரைக்கும் போ. அத்தாண்ட போவாத. உள்ள பஸ்ஸுங்க இடிச்சிக்கினே வரும், தாங்காது." (காரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னைத்தான் சொல்லியிருக்கிறார்.)

நானும் உங்கள் அம்மாவும் காலையிலேயே கிளம்பிப் போய்ச் சேர்ந்தோம். ஏர்போர்ட் வாசலில் காரைத் திருப்பியதும் ஒருவர் டோக்கன் புத்தகத்தோடு வந்தார். வண்டி சும்மா நிற்பதற்குக் காசா என்று நான் கேட்க, ஆமாம், அதுவும் நேரம் ஆக ஆக ஜாஸ்தி ஆகும் என்றார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. சம்பத் வெளியே வந்ததும் அவனைக் கட்டிப்பிடிக்கக்கூட நேரம் கொடுக்காமல், பெட்டிகளை டிக்கியில் திணித்து, வந்த வழியிலேயே காரைத் திருப்பினேன். கொஞ்ச தூரத்தில், இடப்பக்கமா வலப்பக்கமா என்று இப்போது சொல்ல வராது, ஒரு மலை தெரிந்தது. மலையைப் பார்த்ததும் எனக்கு ஊருக்கு வந்தது மாதிரி ஆகிவிட்டது. அதன் அடியில் ஒரு வேப்பமரம், எதிரில் ஒரு டீக்கடை. நிழல், முகம், மலை. வேறென்ன வேண்டும்? மூன்று பேரும் டீ குடித்தோம். கடைக்காரரிடம் "பாத்துக்குங்க" என்றேன். மலையைத் திரும்பிப் பார்த்து அதனிடமும் மனசுக்குள் அதையே சொன்னேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். முதலாளி சொன்னபடி இனிமேல் கோடம்பாக்கத்துக்கு ரயில்தான். மெட்ராஸ் ரயிலில் ஜேப்படிக்காரர்கள் ஜாஸ்தி என்று கேள்விப்பட்டிருந்ததால், சம்பத்தின் பாஸ்போர்ட், பர்ஸ், வாட்ச், பெண்ணுக்கென்று வாங்கி வந்த சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் பிடுங்கி டிக்கியில் வைத்துப் பூட்டினேன். அவன் துபாய்க்காரன் என்பதற்கு மிச்சமிருந்த ஒரே அடையாளம் அவன் போட்டிருந்த கோட்டு. மின்சார ரயில் வரும் சத்தம் கேட்டு ஓடினோம். எந்த ஸ்டேஷனில் ஏறினோம் என்று நான் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? மலைதான் இருக்கிறதே.

பெண் வீட்டில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. பெண் வந்து வணங்கினாள். சம்பத் வேர்வையில் ஊறிய கோட்டைக் கழற்றவும் முடியாமல் அவளைப் பார்த்த பார்வையிலேயே முடிவு தெரிந்துவிட்டது. பெண்ணும் உங்கள் அம்மாவிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசினாள். பஜ்ஜி தட்டு காலியானது. அப்போதுதான் பெண்ணின் அப்பா எதில் வந்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். காரில் என்றேன், கொஞ்சம் காலை ஆட்டிக்கொண்டே. அவர் எழுந்து வாசலுக்குப் போனார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காரைக் காணோமே?"

"மலைகிட்ட உட்டிருக்கோங்க."

"மலைகிட்ட. எதுக்கு?"

"நிழலுக்குங்க."

அவர் சம்பத்தைப் பார்த்து, பாஸ்போர்ட் என்றால் எப்படி இருக்கும், தான் பார்த்ததே இல்லை, காட்டுங்களேன் என்றார். அது காரில் இருக்கிறது என்றான் சம்பத். துபாயில் மணி இப்போது என்ன ஆகியிருக்கும் என்றார். வாட்சும் காரில் இருக்கிறது என்றான். உள்ளே பெண்ணின் அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்த சத்தம் கேட்டது. உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் காலியான பஜ்ஜித் தட்டைப் பார்த்தேன்.

"எனக்கும் அந்தப் பக்கம் ஒரு ஜோலி இருக்குது. கூடவே வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார் அவர். ஒரு ஜோலியும் இல்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கார் இருந்தால் கல்யாணம். இல்லையென்றால் இவனும் இன்னொரு பம்பாய்க்காரன்.

ஸ்டேஷனில் அவரே டிக்கெட் எடுத்தார். மெட்ராஸில் மலை என்றால் பரங்கிமலைதான், மவுண்ட் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே நிற்கும் என்றார். உங்கள் அம்மா என் முழங்கையைச் சுரண்டி, "ஏங்க, நாம ஏறின எடம் பேரு வேற மாதிரி நீளமா இருந்துச்சுங்க" என்றாள். பெண் வீட்டார் எதிரில் வழி தெரியாதவன் ஆகிவிடக் கூடாதே என்று நான் கண்ணாலேயே அவளை அடக்கினேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை வந்தது. "இதாங்க" என்றேன்.

இறங்கிப் பார்த்தால் மலை இருந்தது. வேப்பமரம் இல்லை. டீக்கடை இருந்தது, ஆனால் வேறு டீக்கடை. மலையின் தோற்றமும் ஒரு மாதிரி வேறாக இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, பாருங்கள். நம்ம மலை செங்கம் ரோட்டிலிருந்து ஒரு மாதிரி, அடி அண்ணாமலையிலிருந்து வேறு மாதிரி தெரிவதில்லையா? நாம் மலைக்கு வேறு பக்கத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பரிகாரமும் எனக்குத் தெரியும்.

"ஒரு சுத்து சுத்தி வந்தா கார் ஆப்டுடுங்க" என்றேன்.

அப்படித்தான் நாங்கள் நான்கு பேரும் பரங்கிமலைக்குக் கிரிவலம் கிளம்பினோம். மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். (இடமாகச் சுற்றக் கூடாதே.) புது ஷூ கடித்து சம்பத் நொண்டினான். பெண்ணின் அப்பா ஒவ்வொரு சந்து திரும்பும்போதும் நின்று, இருக்கிறதா என்பதுபோல் என்னைப் பார்த்தார். இல்லை என்று ஆனதும் மேலே நடந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"செருப்பைக் கழட்டி கையில எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள் உங்கள் அம்மா. "புண்ணியமாவது சேரட்டும்."

மலையில் கால்வாசிகூடச் சுற்றியிருக்க மாட்டோம், ரோடு ஒரு ராணுவ வேலியில் போய் முட்டியது. உள்ளே நின்ற ஜவான் இந்தியில் என்னவோ கேட்டார். எனக்கு இந்தி வராது. சம்பத் முன்னால் போய் மளமளவென்று இந்தியில் பேசினான். ஜவான் சிரித்துவிட்டார், இந்தப் பக்கம் வழியில்லை என்று கையைக் காட்டினார். மச்சான் மானத்தைக் காப்பாற்றிவிட்டான் என்று நான் நிமிர்ந்தபோது பெண்ணின் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"இந்தி நல்லா வருது தம்பி. பம்பாய்ல கத்துக்கினீங்களா?"

சம்பத்துக்கு முகம் செத்துவிட்டது. துபாயில் கூட வேலை செய்கிறவர்களிடம் கற்றுக்கொண்டது என்று அவன் சொன்னது உண்மை. ஆனால் அந்த இடத்தில், அந்தக் கோட்டில், அது பொய் மாதிரியே கேட்டது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் மலையை அண்ணாந்து பார்த்தேன். மலையே, காரைக் காட்டிவிடு, உனக்குக் கற்பூரம் ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மேலே சர்ச் இருப்பது வேண்டி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது.

அந்த நேரம் தூரத்தில் ஒரு பிளேன் இறங்கியது. உங்கள் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைத் தாண்டிப் போய் நேராகப் பெண்ணின் அப்பாவிடம் பேசினாள்.

"ஐயா, நாங்க கார் உட்ட எடத்துல பிளேன் தலைக்கு மேலயே போச்சுங்க, காது அடைச்சிடுச்சு. இங்க எங்கயோ போவுது. மலை மேல சர்ச்சும் இல்லீங்க, கல்லு ஒடைக்கிற சத்தம் கேட்டுது. இது அந்த மலையே இல்ல."

"கல்லு ஒடைக்கிறாங்களா? அப்ப பல்லாவரம்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் சார், எத்தினி மலைன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார்.

எங்கள் ஊரில் ஒன்றுதான் என்றேன். வேறென்ன சொல்ல?

மறுபடியும் ரயில். பல்லாவரத்தில் இறங்கி ஒரு சந்து நடந்ததும் மலை, மலைக்கு அடியில் வேப்பமரம், மரத்துக்கு அடியில் முதலாளியின் அம்பாசிடர். காக்கை எச்சமும் வேப்பம்பழமும் பூசிக்கொண்டு நின்றது. பானெட்டின் மேல் டீக்கடைக்காரர் தன் தலைத்துண்டைக் காயப் போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அதை எடுத்து உதறினார்.

"இன்னா சார், டீ குட்ச்சிட்டுப் போனவரு அப்டியே பூட்டியே. காப்பாத்திக்கினு உக்காந்துகீறேன், ஒரு யாவாரம் பாக்கல" என்றார். அவருக்கு நான் கொடுத்தது ஏர்போர்ட் டோக்கனைவிட ஜாஸ்தி. எவ்வளவு என்று உங்கள் அம்மாவுக்கு இன்றைக்கும் சொல்லவில்லை.

பொழுது மங்கிவிட்டது. ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, அந்த வெளிச்சத்தில் குனிந்து பெண்ணின் அப்பா பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். துபாய் முத்திரை இருந்த பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். போட்டோவைப் பார்த்தார், சம்பத்தைப் பார்த்தார். மூடி அவன் கையில் கொடுத்தார்.

"இதப் பாக்குறதுக்கு முன்னியே நான் நம்பிட்டேன் தம்பி" என்றார். "பொய் சொல்றவங்களா இருந்தா மவுண்ட் ஸ்டேஷன்லயே கூட்டத்துல நழுவியிருப்பீங்க. இல்லாத காருக்காக யாரும் என்னை ஒரு மலையைச் சுத்தி நடக்க வெக்க மாட்டாங்க." என் பக்கம் கையைக் காட்டினார். "ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு வழி சொல்ற வேலைய மட்டும் இவருகிட்ட குடுக்காதீங்க."

உங்கள் அம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம் நிறுத்தவே இல்லை.

நடந்து நடந்து கால் வீங்கிப் போன அந்த மனிதரை எப்படி மறுபடி ரயிலில் அனுப்புவது? எந்த ஊருக்குள்ளே காரைக் கொண்டுபோகக் கூடாது என்று முதலாளி சொன்னாரோ அந்த ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போனேன். பஸ்கள் இரண்டு பக்கமும் உரசுவதுபோல் வந்தன. நான் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கீறல் விழவில்லை. கோடம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தினேன். இடம் தாராளமாக இருந்தது. யாரும் காசு கேட்கவில்லை.

அந்தப் பெண்தான் உங்கள் விஜயா அத்தை. இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிந்த கதை. இனிமேல் சொல்வது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, மில்லுக்கு பெல்ட் வாங்க நான் மட்டும் மெட்ராஸுக்குப் போனேன். வேண்டுதல் ஒன்று பாக்கி இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் அதை எந்த மலைக்குச் செலுத்துவது? வேண்டிக்கொண்டது ஒரு மலையிடம். காரைப் பார்த்துக்கொண்டது இன்னொரு மலை. வேண்டும்போது என் மனசில் நின்றதோ நம்ம மலை. பல்லாவரத்தில் இறங்கி, அந்த வேப்பமரத்துக்கு அடியில் ஒரு கல்லின் மேல் கற்பூரம் ஏற்றினேன். அங்கிருந்து மவுண்ட்டுக்குப் போய்ப் படியேறினேன். அங்கே கற்பூரம் பொருந்தாது என்று தோன்றியதால், எல்லாரும் செய்வதுபோல் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றி வைத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் அடி அண்ணாமலை வரை நடந்துபோய், மிச்சமிருந்த கற்பூரத்தை நம்ம மலைக்கு ஏற்றினேன். அங்கேயிருந்து அது வேறு மாதிரிதான் தெரிந்தது. அணையும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.